சுத்தியலுக்கு முன் பென்சில்: வீட்டைப் புதுப்பிக்க இன்டீரியர் டிசைனரை அமர்த்தும் முழு வழிகாட்டி

எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கென்று ஒரு மாடம் கட்டினோம். அகலம், உயரம் எல்லாம் அளந்து, பின்னால் காற்றோட்டத்துக்கு இடம்கூட விட்டுத்தான் கட்டினோம். ஃபிரிட்ஜ் கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது: பக்கத்துச் சுவரில் முட்டி, செங்கோணத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலும் கொஞ்சம் திறந்தால்தான் உள்ளே இருக்கும் டிராயர் வெளியே வரும். டிராயரைச் சாய்த்து, ஒரு மூலையைத் தூக்கி, பக்கவாட்டில் உருவும் வித்தையை ஆறு வருடம் வீட்டில் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம். நாலு அங்குலம் தள்ளிக் கட்டியிருந்தால் போதும்.

அந்த வேலையை நாங்கள் செய்த வரிசை இது: தள்ளுபடி கிடைத்தது என்று முதலில் டைல்ஸ் வாங்கினோம். பிறகு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். பிறகு இடித்தோம். பாதியில் குழம்பிப்போய் ஒரு டிசைனரைக் கூப்பிட்டோம். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சுவரை இன்னும் நகர்த்தலாமா, இல்ல டைல்ஸ் ஒட்டியாச்சா?" ஒட்டியாச்சு.

இரண்டாவது வீட்டில் வரிசையைத் தலைகீழாக்கினோம். டிசைனர் முதலில், சுத்தியல் கடைசியில். கீழே இருப்பது அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் தேறியது.

ஏன் முதலில்?

டிசைனர் என்றால் எல்லா வேலையும் முடிந்த பிறகு திரைச்சீலையும் குஷனும் தேர்வு செய்ய வருபவர் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. அவருடைய உண்மையான வேலை முடிவுகளை வரிசைப்படுத்துவது. கட்டில் எந்தச் சுவரில் என்று முடிவாகாமல் பிளக் பாயின்ட் எங்கே என்று சொல்ல முடியாது. பிளக் பாயின்ட் முடிவாகாமல் சுவரில் காடி வெட்ட முடியாது. காடி வெட்டி மூடாமல் பட்டி பார்க்க முடியாது. ஆகவே கட்டில் வாங்குவது கடைசி வேலையாக இருந்தாலும், கட்டில் எங்கே என்பது முதல் முடிவு. இந்தத் தலைகீழ்க் கணக்கு புரிந்தால், டிசைனரை எப்போது கூப்பிட வேண்டும் என்ற கேள்வியே எழாது.

குளியலறையில் இது இன்னும் பட்டவர்த்தனம். கழிப்பறைப் பீங்கானை அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம். கழிவுக் குழாய்க்கு வாட்டம் வேண்டும், ஒரு மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் தள்ளினால் 6 செ.மீ. இறக்கம், அதோடு குழாயின் தடிமனே 10 செ.மீ.க்கு மேல். அத்தனையும் தரைக்குள் புதைய இடம் இல்லையென்றால் குளியலறைத் தளத்தையே ஒரு படி உயர்த்த வேண்டிவரும். வயதானவர் இருக்கும் வீட்டில் அந்தப் படி ஒரு ஆபத்து. இதெல்லாம் காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடித்த பிறகு தெரிந்தால் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் ஒரு தெளிவு

பெயர்கள் குழப்பும். ஆர்க்கிடெக்ட் கட்டடத்தின் வடிவத்தையும் வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு போன்றவற்றையும் பார்ப்பவர். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் எடை எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போடுபவர். இன்டீரியர் டிசைனர் உள்ளே இடத்தைப் பிரிப்பது, மரவேலை, விளக்கு, மின்சாரப் புள்ளிகள், தரை, சுவர்ப் பரப்பு எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பவர். டெக்கரேட்டர் இருக்கும் அறைக்கு நிறம், துணி, விளக்கு, படம் என்று அழகு சேர்ப்பவர். கான்ட்ராக்டர் ஆள் வைத்து வேலையை முடிப்பவர். கான்ட்ராக்டர்களில் அனுபவசாலிகள் நிறைய யோசனை சொல்வார்கள், அதில் நல்லவையும் இருக்கும். ஆனால் அவருக்கு எது சுலபமோ அந்த யோசனைதான் முதலில் வரும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர் தொழில் அது.

பெயின்ட் மட்டும் அடிக்கிறீர்கள், சோபாவை மாற்றுகிறீர்கள் என்றால் டிசைனர் தேவையில்லை. ஒரே ஒரு மணிநேர ஆலோசனைக்குக் காசு கொடுத்து வரவழைத்தால் போதும், பலர் அப்படி வருவார்கள். சுவர், தண்ணீர்க் குழாய், வயரிங் இந்த மூன்றில் எதையாவது தொடுகிறீர்கள் என்றால் தேவை.

முதல் படி: யாரையும் தேடும் முன் உங்கள் வீட்டை நீங்களே வேவு பாருங்கள்

இணையத்தில் அழகான படங்களைச் சேகரிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அது தப்பில்லை, ஆனால் அது உங்கள் வீடு இல்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எரிச்சல் வந்த இடத்தையெல்லாம் எழுதுங்கள். காலையில் குளியலறைக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள், சார்ஜர் எங்கெங்கே தொங்குகிறது, நனைந்த குடை எங்கே போகிறது, செருப்பு எத்தனை ஜோடி, இஸ்திரி போடும் பலகை எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, யார் எந்தக் கையால் எழுதுகிறார்கள். எங்கள் நோட்டில் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்த வரி: "ஹாலில் லைட் போட இருட்டில் தடவ வேண்டியிருக்கிறது." ஸ்விட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் இருந்தது. இருபது வருடப் பழக்கத்தில் அதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை.

பிறகு எண்ணுங்கள். தொங்கவிடும் உடை எத்தனை அடி நீளம் வரும், மடித்து வைப்பது எவ்வளவு, புத்தகம் எத்தனை அடி. "நிறைய அலமாரி வேண்டும்" என்பதைவிட "தொங்கவிட 2.5 மீட்டர் கம்பி, புத்தகத்துக்கு 6 மீட்டர் தட்டு" என்பது டிசைனருக்கு நூறு மடங்கு உதவும்.

இந்த வேவு பார்ப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆர்க்கிடெக்ட் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சமைக்கிறவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் நேரத்தையும் கணக்கிட்டு, எந்தப் பொருள் எங்கே என்று தீர்மானித்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. ஆனால் குடிவந்தவர்களிடமிருந்து முணுமுணுப்பும் வந்தது: உள்ளே ஒருவர் மட்டும்தான் நிற்க முடிகிறது, சாப்பாட்டு மேசை போட இடமில்லை, குழந்தையைக் கண்ணில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அத்தனை கச்சிதமாக அளந்த ஒருவருக்கே, குடியிருக்கப் போகிறவர் எப்படி வாழ்கிறார் என்பது கைநழுவியது. உங்கள் நோட்டுப் புத்தகம் அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான்.

பணக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். கையில் இருக்கும் மொத்தத் தொகையில் ஒரு பங்கைத் தனியே கட்டி வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பட்ஜெட் என்று சொல்லுங்கள். புதிய கட்டடம் என்றால் 10 சதவீதம், பழைய வீடு என்றால் 15 முதல் 20. வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள், இருக்கும் வீட்டை இடித்துக் கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. புது வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பழைய வீட்டில் உடைத்தால்தான் தெரியும். அந்த ஒதுக்கீடு டிசைனர் கட்டணத்துக்கோ நல்ல டைல்ஸுக்கோ அல்ல, சுவருக்குள்ளிருந்து வரும் செய்திக்கு.

பட்ஜெட்டை டிசைனரிடம் மறைக்காதீர்கள். "சொன்னால் அத்தனையும் செலவழித்துவிடுவார்" என்ற பயம் எனக்கும் இருந்தது. சொல்லாவிட்டால் அவர் ஊகித்து வரைவார், அது இரண்டு மடங்காக வந்து நிற்கும், பிறகு வெட்டிக் குறைக்க ஒரு மாதம் போகும்.

இரண்டாம் படி: ஆளைத் தேடுவதும் முதல் சந்திப்பும்

மூன்று பேரைச் சந்தியுங்கள். ஒருவர் போதாது, ஆறு பேர் என்றால் குழப்பம்தான்.

அவர்கள் காட்டும் படங்களில் இரண்டு வகை இருக்கும். கணினியில் வரைந்த முப்பரிமாணப் படம், முடிந்த வீட்டின் போட்டோ. கணினிப் படத்தை மட்டும் காட்டுகிறவரிடம், "இதில் எத்தனை கட்டி முடிந்தது?" என்று கேளுங்கள். போட்டோவிலும் ஒரு சங்கதி உண்டு: எல்லாமே வேலை முடிந்த அன்று எடுத்தவை. முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆன வீடு ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நேரில் போனால் சோபாவைப் பார்க்காதீர்கள். சிங்கின் கீழே அலமாரியைத் திறந்து பலகை ஊதியிருக்கிறதா பாருங்கள். வார்ட்ரோப் கதவுகளின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்காரரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு அவர் பேசுவதை நிறுத்தவே முடியாது.

நான் எல்லாவற்றையும்விட நம்பும் சோதனை ஒன்று உண்டு. "நீங்கள் முடித்த ஏதாவது ஒரு வீட்டின் வேலை வரைபடத் தொகுப்பை, பெயர் முகவரியை மறைத்துவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். படம் வேறு, வரைபடம் வேறு. படம் உங்களை மயக்க, வரைபடம் வேலைக்காரருக்குச் சொல்ல. நாங்கள் சந்தித்தவர்களில் ஒருவர் கண்ணைப் பறிக்கும் படங்களை வரிசையாகக் காட்டினார். வரைபடம் கேட்டதும், "அதெல்லாம் சைட்டில் நின்று ஆசாரியிடம் சொல்லிக்குவோம்" என்றார். இன்னொருவர் பையிலிருந்து வரைபடக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ஒரே ஒரு படுக்கையறைச் சுவருக்கு ஒரு முழுத் தாள்: ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து 1200 மி.மீ., கதவுச் சட்டத்திலிருந்து 150 மி.மீ., கட்டிலின் தலைமாட்டு உயரம், அதற்கு மேல் விளக்கின் மையம், அதற்குள் போகும் ஒயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுவரை. அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

சந்திப்பில் வேறு எதையெல்லாம் கேட்கலாம்? வரையப் போவது நீங்களா, உங்கள் உதவியாளரா? இப்போது கையில் எத்தனை வேலை ஓடுகிறது? கடைசி வேலையில் எஸ்டிமேட்டும் முடிந்த செலவும் எவ்வளவு விலகின, ஏன்? "ஒரு பைசாகூட விலகவில்லை" என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். அவர் எவ்வளவு கேள்வி கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். முதல் அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டில் யார் யார், எப்போது எழுந்திருப்பீர்கள் என்று கேட்காமல், "இப்ப ஃப்ளூட்டட் பேனல்தான் டிரெண்ட்" என்று தொடங்குபவர் வேறு யாருக்கோ வீடு செய்கிறார்.

மூன்றாம் படி: கட்டணம்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அல்லது ஏமாந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மொத்தமாக ஒரு தொகை பேசுவது ஒரு முறை. எவ்வளவு என்று முதலிலேயே தெரியும். ஆனால் வேலையின் எல்லை தெளிவாக எழுதப்படாவிட்டால் "இது அதில் சேராது" என்ற பேச்சு வரும். பரப்பளவுக் கணக்கு இன்னொரு முறை. கேட்க எளிது, ஆனால் ஒரு சின்னச் சமையலறைக்கு வரைய வேண்டியது ஒரு பெரிய ஹாலைவிடப் பல மடங்கு. சமையலறையும் குளியலறையும் மட்டும் புதுப்பிக்கிறீர்கள் என்றால் எந்த டிசைனரும் பரப்பளவுக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளத் தயங்குவார், அது நியாயம்தான். மணிக்கணக்கு, சிறு ஆலோசனைக்குச் சரி. முழு வீட்டுக்கு என்றால் உச்சவரம்பு வைக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைச் செலவில் இத்தனை சதவீதம் என்பது பரவலான முறை. இதில் ஒரு முள் இருக்கிறது: விலை கூடக்கூட அவருக்கு வரவும் கூடும். நேர்மையான டிசைனர் இதனால் மாறிவிடமாட்டார், ஆனாலும் விலை குறைந்த மாற்றைத் தேட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இந்த முறையில் போனால், ஆரம்ப எஸ்டிமேட்டின் மீதுதான் சதவீதம், கூடும் செலவின் மீது கிடையாது என்று பேசிப் பாருங்கள்.

பிறகு "டிசைன் இலவசம்". வரைவதிலிருந்து சாவி கொடுப்பதுவரை ஒரே ஆள் செய்யும் முறையில் இப்படிச் சொல்வார்கள். யாரும் எதையும் இலவசமாக வரைவதில்லை, அது மரத்திலும் கண்ணாடியிலும் ஏறியிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் வேறு: வரைபவரும் செய்பவரும் ஒருவரே என்றால், செய்ததைச் சரிபார்க்க உங்கள் பக்கம் ஆள் இல்லை. ஓடியாட நேரமில்லாத குடும்பத்துக்கு இந்த முறை பெரும் நிம்மதி என்பதையும் மறுக்க முடியாது. அதில் இறங்கினால், சரிபார்க்க மட்டும் வேறொருவரை மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் விஷயத்தைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். டிசைனர்களுக்குக் கடைகளில் தொழில்முறைத் தள்ளுபடி உண்டு. அது உங்களுக்கு வருமா, அவரிடமே தங்குமா, பாதிப் பாதியா? மூன்றில் எதுவானாலும் சரி, தெரிந்திருந்தால் போதும். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடமிருந்து மெதுவாக விலகிவிடலாம்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு என் சிபாரிசு: மொத்தத் தொகை, கட்டம் கட்டமாகப் பிரித்து. முதல் கட்டமான இட அமைப்பு முடிந்ததும், பிடிக்காவிட்டால் அதுவரைக்குமான பணத்தைக் கொடுத்துவிட்டு இருவரும் கைகுலுக்கிப் பிரியலாம் என்று இருக்க வேண்டும்.

நான்காம் படி: ஒப்பந்தம்

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். எந்தெந்த அறை, எந்தெந்த வரைபடம், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை திருத்தம் (இரண்டு அல்லது மூன்று நியாயம்), சைட்டுக்கு எத்தனை முறை வருவார், எது இதில் சேராது என்பவை இருக்க வேண்டும். பணம் தேதிக் கணக்கில் போகக் கூடாது, முடிந்த கட்டத்தின் கணக்கில் போக வேண்டும். இடையில் நின்றுபோனால் வரைபடங்களை நீங்கள் வேறொருவரை வைத்துப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வரைந்ததன் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். இந்த ஒரு வீட்டுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: அளவெடுப்பும் இட அமைப்பும்

நல்ல டிசைனர் முதல் நாள் வந்து அழகைப் பற்றிப் பேசவே மாட்டார். டேப்பும் லேசரும் எடுத்துக்கொண்டு அரை நாள் அளப்பார். எங்கள் டிசைனர் அறையின் நீளம் அகலத்தோடு நிற்காமல் மூலைக்கு மூலை குறுக்கேயும் அளந்தார். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் குறுக்களவு சரியாக 5 மீட்டர் வர வேண்டும். மூலைமட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பரம்பரையாகப் பிடிக்கும் அதே 3, 4, 5 கணக்கு. எங்களுக்கு ஒரு பக்கம் 5.03, மறுபக்கம் 4.97. கண்ணுக்கு நேராகத் தெரிந்த அறை கோணலாக இருந்தது. தெரியாமல் ஃபாக்டரியில் செங்கோணமாக வார்ட்ரோப் செய்திருந்தால், சுவரோரம் ஆப்பு மாதிரி ஓர் இடைவெளி நின்றிருக்கும். அதைப் போலவே உத்தரத்தின் அடி உயரம், ஜன்னல் திண்டின் உயரம், தரை வாட்டம் எந்தப் பக்கம், மெயின் போர்டு எவ்வளவு தாங்கும் என்று எல்லாமே குறிக்கப்பட வேண்டும்.

அதன் பிறகு இட அமைப்பு. இரண்டு மூன்று மாற்று வரைவுகள் கேளுங்கள், அதில் ஒன்று நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாக இருந்தாலும் பார்த்துவைக்கலாம். இந்தக் கட்டத்தில் நீங்களே சரிபார்க்கச் சில அளவுகள்: கிச்சன் மேடை பொதுவாக 85 முதல் 91 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம். ஆனால் அதிகம் சமைப்பவர் நின்று கையை மடக்கினால் முழங்கை வரும் உயரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருப்பதுதான் முதுகுக்கு நல்லது. எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே ஒருவர் என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், இருவர் என்றால் 1.2 மீட்டர். வார்ட்ரோப் ஆழம் 60 செ.மீ., அதைக் குறைத்தால் ஹேங்கரில் தொங்கும் சட்டையின் தோள் கதவில் உரசும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40, 45 செ.மீ. சாப்பாட்டு மேசை விளிம்பிலிருந்து சுவர்வரை 75 முதல் 90. சக்கர நாற்காலி வரும் வாய்ப்பு இருந்தால் கதவுத் திறப்பு 80 செ.மீ.க்குக் குறையாமலும், திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டமும் வேண்டும். இன்றைக்குத் தேவையில்லை என்றாலும் கதவுச் சட்டம் மாற்றும்போதே அகலமாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

எண்கள் புரியாவிட்டால் கவலையில்லை. மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி, வரைவில் இருக்கும் கட்டிலையும் சோபாவையும் மேடையையும் தரையில் அதே அளவில் ஒட்டுங்கள். அதற்குள் இரண்டு நாள் நடமாடுங்கள். ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு அட்டையை வெட்டித் திறந்து பாருங்கள், எங்களைப் போல ஆகிவிடாதீர்கள்.

முப்பரிமாணப் படம் வரும்போது ஜாக்கிரதை. அகலமாகக் காட்டும் லென்ஸ் வைத்து, பின்சுவரையே எடுத்துவிட்டு, வெளியில் நின்று பார்ப்பது போல் அமைத்திருப்பார்கள். அறை அரண்மனை மாதிரித் தெரியும். "வாசலில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து ஒரு படம்" என்று கேட்டு வாங்குங்கள்.

விளக்கு விஷயத்தில் சீலிங் நடுவே வரிசையாகக் குழி விளக்கு போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். மேடையில் வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், அவர் நிழலே அவர் கைமேல் விழும். விளக்கு மேடைக்கு நேர் மேலே, அல்லது மேல் அலமாரியின் அடியில் முன்பக்கமாக வர வேண்டும். நிறம்: ஓய்வெடுக்கும் அறைகளுக்கு 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்), வேலை செய்யும் இடத்துக்கு 4000 (வெள்ளைச் சாயல்). ஒரே பார்வையில் படும் விளக்குகளை வெவ்வேறு நிறத்தில் கலந்துவிடாதீர்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு, அதாவது சி.ஆர்.ஐ., 90-க்கு மேல் இருந்தால் முகமும் துணியும் உயிரோடு தெரியும்.

இதே காரணத்தால்தான் சாம்பிள்களைக் கடையில் தேர்வு செய்யக் கூடாது. கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பொருள்கள் வீட்டு வெளிச்சத்தில் விலகித் தெரியலாம். டைல்ஸ், லேமினேட், துணி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றாக வைத்து, காலையில் ஒருமுறை, இரவில் விளக்கு போட்டு ஒருமுறை பாருங்கள்.

ஆறாம் படி: வரைபடம், அளவுப்பட்டியல், கொட்டேஷன்

தொகுப்பில் குறைந்தபட்சம் இவை இருக்க வேண்டும்: இப்போது இருக்கும் நிலை, எதை இடிப்பது, புதுச் சுவர்கள், ஃபர்னிச்சர் அமைப்பு, மின்சாரப் புள்ளிகள், சீலிங், தண்ணீர்க் குழாய், தரை டைல்ஸ் எங்கே தொடங்கி எங்கே வெட்டுப்படுகிறது, ஒவ்வொரு அறையின் நாலு சுவர்த் தோற்றம், மரவேலை விவரம். எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் போன் போடாமல் வேலை செய்ய முடியுமா? அதுதான் அளவுகோல்.

அதோடு அளவுப்பட்டியல். "நல்ல தரமான பிளைவுட்" என்பது விவரமே இல்லை. எத்தனை மி.மீ., எந்த ரகம், வெளியே என்ன லேமினேட், உள்ளே என்ன, விளிம்புப் பட்டை எவ்வளவு தடிமன், கீல் எந்த மாடல் என்று வர வேண்டும். ஒரே பட்டியலை மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொடுத்தால்தான் விலைகளை ஒப்பிட முடியும். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படாமல், எந்த வரியை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். இடித்த குப்பையை அள்ளுவது, பொருள்களை மாடிக்கு ஏற்றுவது, தரையை மூடிப் பாதுகாப்பது, இந்த மூன்றும்தான் வழக்கமாகக் காணாமல் போகும்.

ஏழாம் படி: சுத்தியல் எடுக்கும் முந்தைய வாரம்

இடிக்கப் போகும் ஒவ்வொரு சுவரையும் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். தட்டிப் பார்த்து "இது வெறும் தடுப்புச் சுவர்தான்" என்று யார் சொன்னாலும், டிசைனரே சொன்னாலும், போதாது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளும் அனுமதியும், வேலை நேரமும் கையில் இருக்கட்டும். மிகப் பழைய கட்டடமாக இருந்தால், சுரண்டும் முன் பெயின்டில் ஈயமும், தகடுகளிலும் குழாய் உறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். தூளாகப் பறந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

டைல்ஸைப் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். சாய்வாகப் பதிப்பதானால் பதினைந்து. வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் பொருள்களை இப்போதே ஆர்டர் செய்யுங்கள். சமையலறை அலமாரிகளுக்கு மட்டும் கடைசி அளவு, சுவர் வேலை முடிந்த பிறகு சைட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: வேலை நடக்கும்போது

டிசைனர் தினமும் வந்து நிற்க வேண்டியதில்லை. கட்டாயம் வர வேண்டிய நேரங்கள் உண்டு: சுவரில் சாக்பீஸால் புள்ளிகள் குறித்த அன்று, காடிகளைப் பூசி மூடும் முன், டைல்ஸ் ஒட்டும் முன், மரத்தை வெட்டும் முன். இதில் முதலாவதுதான் எனக்கு முக்கியம். சாக்பீஸ் குறிகளுக்கு நடுவே குடும்பத்தோடு நடந்து, "இங்கே லைட் போடுகிறேன், இங்கே போன் வைக்கிறேன்" என்று நடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தில் ஏழு புள்ளிகள் மாறின. செலவு ஒரு ஈரத்துணி.

அதற்குப் பிந்தைய மாற்றங்களை வாய்வார்த்தையில் சொல்லாதீர்கள். என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று மூன்று வரியாவது எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே வேலை. நேராக ஆசாரியிடம் போய்ச் சொல்லிவிடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் (எங்கள் வீட்டில் அது நான்) முதலிலேயே கட்டிப்போடுங்கள்.

குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல்ஸுக்கு முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 முதல் 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்த்தளச் சீலிங்கையும் பாருங்கள். நாள் தள்ளுகிறது என்று இதை யாரும் தாண்ட விடாதீர்கள்.

கான்ட்ராக்டரின் மொத்தத் தொகையில் ஐந்து முதல் பத்து சதவீதத்தைக் கடைசித் தவணையாகப் பிடித்து வையுங்கள், ஒப்பந்தத்திலேயே எழுதி. டிசைனரோடு அறை அறையாகப் போய்க் குறைகளைப் பட்டியலிட்டு, அத்தனையும் சரியான பிறகு கொடுங்கள். சாவி வாங்கும்போது பெயின்ட் எண்கள், கீல் மாடல்கள், மிச்ச டைல்ஸ் ஒரு பெட்டி, கட்டியபடி திருத்திய வரைபடங்கள் எல்லாம் கேட்டு வாங்குங்கள். பூசி மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், டேப் ஒன்றைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, போட்டோ எடுத்து அதே கோப்பில் போட்டு வையுங்கள்.

போன மாதம் எங்கள் குளியலறையில் புதுக் கண்ணாடி மாட்ட வந்தவர், டிரில்லை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த போட்டோவைத் தேடினேன். டேப்பில் 62-க்கும் 65-க்கும் நடுவே வெந்நீர்க் குழாய் போகிறது. அவர் பென்சிலால் குறித்திருந்தது 63. கண்ணாடி இப்போது ஒரு சாண் இடப்பக்கம் தள்ளித் தொங்குகிறது.